புல்பென்னில் ஓர் இந்தியர்: பேஸ்பால் பந்தெறியாளர் ரிங்கு சிங் கடந்த பாதை

திருவனந்தபுரம் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் 2017 நவம்பர் 7 அன்று இந்தியாவும் நியூசிலாந்தும் மோதிய டி20 ஆட்டம் மழையால் 8 ஓவர்களாகச் சுருங்கியது. ஒரு பந்துவீச்சாளருக்கு அதிகபட்சம் 2 ஓவர்கள்தான். இந்தியா எடுத்தது 67 ரன். ஜஸ்பிரித் பும்ரா தமக்குக் கிடைத்த 12 பந்துகளில் 9 ரன் மட்டுமே கொடுத்து 2 விக்கெட் எடுத்தார். கடைசி ஓவரில் 19 ரன் தேவை என்ற நிலையில் பந்தைக் கையில் வாங்கிய ஹர்திக் பாண்டியா 12 ரன்னோடு நிறுத்தினார். இந்தியா 6 ரன் வித்தியாசத்தில் வென்றது.

அன்றிரவு அந்த மைதானத்தில் நடந்தது கிரிக்கெட்டில் அபூர்வமான ஒன்று. வந்த உடனேயே முழு வேகத்தில் வீசவேண்டும். தவறைத் திருத்திக்கொள்ள அடுத்த ஸ்பெல் கிடையாது. அமெரிக்கப் பேஸ்பாலில் இதையே அன்றாடத் தொழிலாகக் கொண்ட ஒரு வகை வீரர்கள் உள்ளனர். அவர்களுக்கு ‘ரிலீஃப் பிட்சர்’ என்று பெயர். தமிழில் மாற்றுப் பந்தெறியாளர் எனலாம். உத்தரப் பிரதேசத்தின் ஒரு லாரி ஓட்டுநரின் மகன் அந்தத் தொழிலில் அமெரிக்காவில் நான்கு பருவங்கள் பந்தெறிந்தார். அவர் பெயர் ரிங்கு சிங்.

இணையத்தில் இப்பெயரைத் தேடுவோருக்கு முதலில் கிடைப்பவர் வேறொருவர். இந்திய டி20 அணியின் இடக்கை ஆட்டக்காரரான ரிங்கு சிங், 1997-இல் அலிகாரில் பிறந்தவர். இக்கட்டுரை குறிப்பிடும் ரிங்கு சிங் ராஜ்புத் 1988 ஆகஸ்ட் 8 அன்று பதோஹி மாவட்டத்தில் கோபிகஞ்சை ஒட்டிய ஒரு கிராமத்தில் பிறந்தவர். இருவரும் ஒரே மாநிலத்தவர், இருவரும் இடக்கைப் பழக்கம் உடையவர்கள் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

மாற்றுப் பந்தெறியாளரின் வேலை

பேஸ்பால் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ். ஓர் இன்னிங்ஸில் மூன்று பேர் ஆட்டமிழந்தால் அது முடிந்தது. ஆக, வெல்ல நினைக்கும் அணி எதிரணியை மொத்தம் 27 முறை ஆட்டமிழக்கச் செய்யவேண்டும். ஆட்டத்தைத் தொடங்குபவர் ‘ஸ்டார்ட்டர்’. இன்றைய நிலையில் அவர் தொண்ணூறு, நூறு பந்துகள் எறிந்து ஐந்தாறு இன்னிங்ஸைக் கடந்துவிட்டால் பணி முடிந்தது. பிறகு நான்கைந்து நாள் ஓய்வு. அவர் களைத்தாலோ, அடிவாங்கினாலோ, அடுத்து வருபவர்தான் ரிலீஃப் பிட்சர்.

கிரிக்கெட் ரசிகர் இங்கே ஒரு விதியைக் கவனிக்கவேண்டும். பேஸ்பாலில் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்ட பந்தெறியாளர் அதே ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. பும்ராவை முதல் ஓவரில் பயன்படுத்திவிட்டுக் கடைசி ஓவருக்குச் சேமித்து வைக்கும் வசதி அங்கே இல்லை. எனவே அணிகள் ஏழெட்டு மாற்றுப் பந்தெறியாளர்களை வைத்துக்கொள்கின்றன. மைதானத்தின் ஓரத்தில் ‘புல்பென்’ எனப்படும் அடைப்பில் அவர்கள் காத்திருப்பார்கள். தொலைபேசி ஒலித்தால் ஒருவர் எழுந்து கையைச் சூடேற்றிக்கொள்வார். சில நாள் அழைப்பு வரும். சில நாள் சூடேற்றிக்கொண்டதோடு சரி.

இவர்களுக்குள்ளும் படிநிலை உண்டு. மூன்று ரன்களுக்கு மேற்படாத முன்னிலையைக் கடைசி இன்னிங்ஸில் காப்பாற்றுபவர் ‘குளோசர்’. அவ்வாறு காப்பாற்றிய ஆட்டம் ‘சேவ்’ என்று அவர் கணக்கில் ஏறும். சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் வகுத்த இந்தக் கணக்கு 1969-இல் அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டது. அதுவரை மாற்றுப் பந்தெறியாளரின் உழைப்பைச் சொல்ல ஏற்ற எண்ணே இருக்கவில்லை. பனாமாவைச் சேர்ந்த மரியானோ ரிவேரா நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக 652 சேவ்களைக் குவித்து, 2019-இல் வாக்களித்த அனைவரின் ஆதரவோடும் பேஸ்பால் புகழரங்கில் இடம்பெற்றார். ஒரு வாக்குகூடக் குறையாமல் அங்கே நுழைந்த முதல் வீரர், ஆட்டத்தைத் தொடங்கும் நட்சத்திரம் அல்லர். முடித்துவைக்கும் மாற்றுப் பந்தெறியாளர்.

குளோசருக்குக் கீழே பெயர் வெளியே தெரியாத பலர் உள்ளனர். ஆறாவது, ஏழாவது இன்னிங்ஸில் வந்து நிலைமையைச் சமாளித்துவிட்டுப் போகிறவர்கள். ரிங்கு சிங் இந்த வரிசையைச் சேர்ந்தவர்.

ஈட்டியிலிருந்து பந்துக்கு

ஒன்பது பிள்ளைகள் கொண்ட குடும்பம். ஒற்றை அறை வீடு. ரிங்கு சிங் பள்ளிப் பருவத்தில் ஈட்டி எறிதலில் தேர்ந்து, தேசிய ஜூனியர் அளவில் பதக்கம் பெற்றார். லக்னோவில் உள்ள குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். பேஸ்பாலை அவர் அதுவரை அறிந்திருக்கவில்லை.

அமெரிக்க விளையாட்டு முகவரான ஜே.பி. பெர்ன்ஸ்டீன் தம் கூட்டாளிகளோடு சேர்ந்து 2008-இல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்னும் தொலைக்காட்சிப் போட்டியை இந்தியாவில் நடத்தினார். கிரிக்கெட் ஆடும் நாட்டில் வேகமாகப் பந்தெறியக்கூடிய கைகள் ஏராளமாக இருக்கும். அவற்றில் ஒன்றிரண்டைப் பேஸ்பாலுக்குப் பழக்கலாம் என்பது கணக்கு. 37,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து ரிங்கு சிங் முதலிடம் பெற்றார். பரிசு 1 லட்சம் டாலர். அவருடன் தேர்வான தினேஷ் படேல் வாராணசியைச் சேர்ந்தவர். அவரும் ஈட்டி எறிபவர்.

கிரிக்கெட்டை நம்பி வந்த போட்டியில் இரண்டு ஈட்டி வீரர்கள் தேறியது தற்செயல் என்று தோன்றவில்லை. கிரிக்கெட் பந்துவீச்சாளர் முழங்கையை நீட்டி மடக்காமல் வீசும்படி இளமையிலிருந்தே பழக்கப்படுகிறார். 15 பாகைக்கு மேல் நீண்டால் அது முறையற்ற வீச்சு. வேகத்தில் பெரும்பங்கு அவருடைய ஓட்டத்திலிருந்து வருகிறது. பேஸ்பாலில் ஓட்டம் கிடையாது. 10 அங்குல உயர மண்மேட்டில் ஒரு காலை ஊன்றி, மறுகாலை முன்னே வைத்து, மடங்கிய முழங்கையைச் சாட்டைபோல் விரித்து 18.44 மீட்டர் தொலைவுக்கு எறியவேண்டும். ஈட்டி எறிபவரின் தோளும் இடுப்பும் இந்த அசைவை ஏற்கெனவே அறிந்தவை. ஆண்கள் எறியும் ஈட்டியின் எடை 800 கிராம். பேஸ்பாலின் எடை 150 கிராமுக்கும் குறைவு.

வேகம் கையில் இருந்தது. கட்டுப்பாடு, விதிகள், ஆட்டத்தின் போக்கு, மொழி என மற்ற எல்லாவற்றையும் 19 வயதில் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது. 2008 மே மாதம் இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றனர். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குப் பயிற்சியளித்த டாம் ஹவுஸும் முன்னாள் இடக்கை மாற்றுப் பந்தெறியாளர்தான். 1974 ஏப்ரல் 8 அன்று ஹாங்க் ஆரன் தம் 715-ஆவது ஹோம் ரன்னை அடித்து பேப் ரூத்தின் சாதனையைக் கடந்தபோது, அட்லாண்டா அணியின் புல்பென்னில் காத்திருந்து அந்தப் பந்தைப் பிடித்தவர் அவர். பல ஆண்டுகள் பந்தெறிந்த ஹவுஸின் பெயரை இன்றும் பலர் நினைவில் வைத்திருப்பது, அன்று பிடித்த அந்த ஒரு பந்துக்காகத்தான்.

2008 நவம்பரில் அரிசோனா மாநிலம் டெம்பியில் மேஜர் லீக் அணிகளின் தேர்வாளர்கள் முன்னிலையில் இருவரும் எறிந்து காட்டினர். வேகம் 90 மைலை எட்டியது. அம்மாதம் 24-ஆம் தேதி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்காவின் மேஜர் லீக் அணியொன்றுடன் ஒப்பந்தமான முதல் இந்தியர்கள் இவர்களே.

திரைப்படம் முடியும் இடம்

இக்கதையை டிஸ்னி நிறுவனம் 2014-இல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற பெயரிலேயே திரைப்படமாக்கியது. ரிங்கு சிங்காக சூரஜ் சர்மாவும், தினேஷ் படேலாக மதுர் மிட்டலும், முகவராக ஜான் ஹாமும் நடித்தனர். இசை ஏ.ஆர். ரஹ்மான். தமிழ் ரசிகர்கள் பலர் இப்படத்தை அவர் பெயரால்தான் அறிவர்.

படம் ஒப்பந்தத்தோடு நிறைவு பெறுகிறது. ஒரு பந்தெறியாளரின் தொழில்வாழ்க்கை தொடங்குவதோ அதற்குப் பிறகுதான். அதுவரை நடந்தது பெரும்பாலும் பயிற்சியும் எறிந்துகாட்டலும்தான் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

மேஜர் லீக் அணிகள் ஒவ்வொன்றின் கீழும் மைனர் லீக் அணிகள் படிப்படியாக உள்ளன. ரூக்கி லீக் அடித்தளம். அதற்கு மேல் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று நிலைகள். ரூக்கி நிலையில் ஒப்பந்தமாகும் இளைஞர்களில் பெரும்பாலோர் மேலே எட்டுவதில்லை. அன்று அடிநிலை வீரரின் ஊதியமும் சொற்பம்: முதல் பருவத்தில் மாதத்துக்கு அதிகபட்சம் சுமார் 1,100 டாலர், அதுவும் பருவம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். இதை எதிர்த்து மைனர் லீக் வீரர்கள் 2014-இல் தொடுத்த வழக்கு, 2022-இல் 185 மில்லியன் டாலர் இழப்பீட்டுடன் சமரசமானது. 2023-இல்தான் அவர்களுக்கென முதல் கூட்டு ஊதிய ஒப்பந்தம் வந்தது. ரிங்கு சிங் ஆடிய ஆண்டுகள் இவை எல்லாவற்றுக்கும் முந்தியவை.

2009 ஜூலை 4 அன்று புளோரிடாவின் கல்ஃப் கோஸ்ட் லீக்கில் பைரேட்ஸ் அணிக்காக அவர் களமிறங்கினார். அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலில் ஆடிய முதல் இந்தியக் குடிமகன் என்ற பெருமை அன்று கிடைத்தது. ஒன்பது நாள் கழித்து, ஜூலை 13-இல் முதல் வெற்றியும் அவர் கணக்கில் சேர்ந்தது. ஒரு மாற்றுப் பந்தெறியாளர் களத்தில் இருக்கும் நேரத்தில் அவருடைய அணி முன்னிலை பெற்று, அதை இறுதிவரை தக்கவைத்தால் அந்த வெற்றி பொதுவாக அவர் பெயரில் எழுதப்படும்.

கல்ஃப் கோஸ்ட் லீக் என்பது கொளுத்தும் நண்பகல் வெயிலில், பார்வையாளர்கள் அநேகமாக இல்லாத பயிற்சி மைதானங்களில் நடந்த போட்டித் தொடர். அங்கே அவர் முதல் பருவத்தில் 11 ஆட்டங்களில் பந்தெறிந்தார். 1 வெற்றி, 2 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார் என்பதைச் சொல்லும் ஈ.ஆர்.ஏ. 5.84. கிரிக்கெட்டின் பந்துவீச்சுச் சராசரி போல இதுவும் குறையக் குறையச் சிறப்பு. 5.84 என்பது நல்ல எண் அன்று. ஆனால் பேஸ்பால் பந்தை முதன்முதலாகத் தொட்டு ஒன்றரை ஆண்டுகூட ஆகாத ஒருவர், சிறுவயதிலிருந்தே ஆடிவரும் அமெரிக்க, லத்தீன் அமெரிக்க இளைஞர்களுக்கு எதிராகப் பெற்ற எண் அது.

2010-இல் நியூயார்க்-பென் லீக்கில் ஸ்டேட் காலேஜ் ஸ்பைக்ஸ் அணிக்கு அவர் உயர்ந்தார். அந்த ஆண்டின் இறுதியில் தினேஷ் படேலைப் பைரேட்ஸ் அணி விடுவித்தது. அவர் இந்தியா திரும்பினார். அதன்பின் ரிங்கு சிங் தனியாகத் தொடர்ந்தார். பருவம் முடிந்தபின் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று கான்பெரா கேவல்ரி அணிக்கும் ஆடினார். 2011-இல் வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணியில் இடம் கிடைத்தது. சார்ல்ஸ்டன் நகரைச் சேர்ந்த அந்த அணி, சிங்கிள் ஏ நிலையில் சவுத் அட்லாண்டிக் லீக்கில் ஆடியது.

2012: யாரும் படமாக்காத பருவம்

ரிங்கு சிங்கைப் பற்றிய செய்திகளில் அதிகம் எழுதப்பட்டவை தொலைக்காட்சிப் போட்டியும் மல்யுத்தமும்தான். பேஸ்பால் வீரராக அவர் யார் என்பதைச் சொல்வது 2012-ஆம் ஆண்டு.

அந்தப் பருவத்தில் வெஸ்ட் வர்ஜீனியா அணிக்காக அவர் 39 ஆட்டங்களில் பந்தெறிந்தார். 72 இன்னிங்ஸ், 65 ஸ்ட்ரைக் அவுட், 3 வெற்றி, 1 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 3.00. தொடங்கிய ஆண்டின் எண்ணோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி. அதுவும் உயர்ந்த நிலையில், திறன் மிகுந்த எதிரிகளுக்கு எதிராக. ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டு இன்னிங்ஸுக்குச் சற்றுக் குறைவு என்பதிலிருந்து அவருடைய பணி எத்தகையது என்பதும் தெரிகிறது. கடைசி இன்னிங்ஸில் வந்து கைதட்டல் வாங்கும் குளோசர் அல்லர் அவர். ஸ்டார்ட்டர் விட்டுச்சென்ற இடத்தில் வந்து, ஆட்டத்தின் நடுப்பகுதியைத் தாங்கிப் பிடித்து அடுத்தவரிடம் ஒப்படைப்பவர்.

39 என்ற எண்ணையும் கவனிக்கவேண்டும். பயிற்சியாளருக்கு நம்பிக்கை இல்லாத மாற்றுப் பந்தெறியாளருக்குத் தொலைபேசி அத்தனை முறை ஒலிக்காது. மைனர் லீக்கில் விளம்பரத்துக்காக ஒருவரை ஒன்றிரண்டு முறை களமிறக்கலாம். 72 இன்னிங்ஸை விளம்பரத்துக்காக யாரும் கொடுப்பதில்லை.

இடக்கை வீரராக இருந்ததும் அவருக்குச் சாதகம். இடக்கை ஆட்டக்காரர்களுக்கு இடக்கைப் பந்தெறியாளரின் பந்தை அடிப்பது பொதுவாகக் கடினம். அதனால் ஒரேயொரு இடக்கை ஆட்டக்காரரை வெளியேற்றுவதற்கென்றே மேஜர் லீக் அணிகள் அப்போது இடக்கை மாற்றுப் பந்தெறியாளர்களை வைத்திருந்தன. 24 வயதில், படிப்படியாக ஏறிக்கொண்டிருந்த ஓர் இடக்கை வீரருக்கு அந்த வாசல் திறந்திருந்தது. (அந்த வாசலும் பின்னர் குறுகிவிட்டது. வரும் பந்தெறியாளர் குறைந்தது மூன்று ஆட்டக்காரர்களை எதிர்கொள்ளவேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்கவேண்டும் என்ற விதி 2020-இல் வந்தது.)

முழங்கை

2013-இல் காயம் குறுக்கிட்டது. முழங்கைப் பாதிப்பால் அந்தப் பருவம் முழுவதும் போயிற்று; அடுத்தடுத்த பருவங்களும் அப்படியே கழிந்தன.

பந்தெறியாளர்களுக்கு முழங்கைதான் முதலில் பலவீனப்படும் இடம். ஒவ்வொரு வேகப்பந்திலும் முழங்கையின் உட்புறத் தசைநார் தன் தாங்குதிறனின் எல்லையை ஒட்டி இழுபடுகிறது. அது கிழிந்தால், உடலின் வேறு பகுதியிலிருந்து தசைநாண் எடுத்துப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை உண்டு. 1974-இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாக இதைச் செய்துகொடுத்த வீரரின் பெயராலேயே இன்றும் ‘டாமி ஜான் அறுவைச் சிகிச்சை’ என வழங்குகிறது. மீண்டு வர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். முன்னணி நட்சத்திரத்துக்கு அணி காத்திருக்கும். அடிநிலையில் உள்ள 25 வயது மாற்றுப் பந்தெறியாளருக்கு அந்த இடைவெளியில் இளையவர்கள் பத்துப் பேர் அவருடைய இடத்துக்கு வந்து நிற்பார்கள்.

இருந்தும் பைரேட்ஸ் அணி அவரை உடனே கைவிடவில்லை. சில ஆண்டுகள் அமைப்புக்குள்ளேயே இருந்து மீண்டுவர அவர் முயன்றார். 2014-இல் அவருடைய கதை திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தபோது அவரால் களத்தில் பந்தெறிய முடியவில்லை.

பேஸ்பாலிலிருந்து விலகியபின் மல்யுத்தப் பொழுதுபோக்கு நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ அவரைத் தேர்ந்தெடுத்தது. 2018 ஜனவரியில் ஒப்பந்தம். சவுரவ் குர்ஜருடன் ‘இண்டஸ் ஷேர்’ என்ற இணையாகவும், பிறகு ஜிந்தர் மஹால், ஷாங்கி ஆகியோருடனும் களமிறங்கினார். ரெசில்மேனியா 38 முடிந்த மறுநாள், 2022 ஏப்ரல் 4 அன்று, ‘வீர் மஹான்’ என்ற பெயரில் ரா நிகழ்ச்சியில் தோன்றி ரே மிஸ்டீரியோ, டொமினிக் இருவரையும் தாக்கிய காட்சி இந்தியாவில் பரவலாகப் பார்க்கப்பட்டது. 2024 ஏப்ரலில் நிறுவனம் அவரை விடுவித்தது. பேஸ்பாலில் அவர் எறிந்த பந்துகளைப் பார்த்தவர்களைவிட அந்த ஓர் இரவில் அவரைப் பார்த்தவர்கள் பலமடங்கு அதிகமாக இருப்பார்கள்.

அவருக்குப் பின்

இந்திய வம்சாவளியினர் இப்போது அமெரிக்கப் பேஸ்பாலில் தென்படுகின்றனர். தாய்வழித் தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து குடியேறியவர்களான குமார் ராக்கர், 2024 செப்டம்பரில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்காக மேஜர் லீக்கில் அறிமுகமானார். அவர் ஸ்டார்ட்டர், அமெரிக்காவில் பிறந்து, அங்கேயே பள்ளி, கல்லூரிப் பேஸ்பாலில் வளர்ந்தவர். அர்ஜுன் நிம்மலா என்ற இளைஞரை 2023-இல் டொராண்டோ புளூ ஜேஸ் அணி முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது. அவரும் அமெரிக்காவில் ஆடி வளர்ந்தவரே. துபாயை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்ட பேஸ்பால் யுனைடெட் அமைப்பு, மும்பை கோப்ராஸ் என்ற பெயரில் ஓர் அணியை அமைத்துள்ளது.

இந்தியாவில் விளையாட்டுக் கல்லூரியில் பயின்று, இந்தியக் குடிமகனாகச் சென்று, மைனர் லீக் படிகளில் ஏறியவர் என்ற வகையில் ரிங்கு சிங்கின் பாதை தனி. மேஜர் லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் பந்தெறியவில்லை. அமெரிக்க மைனர் லீக் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே உள்ள கடைசிப் பருவம் 2012; கடைசி அணி வெஸ்ட் வர்ஜீனியா பவர்; அந்த வரியில் உள்ள ஈ.ஆர்.ஏ. 3.00.